டிபிக்ட்: சுடலைமாடன் பூடத்திலிருந்து மெடிக்கல் ரெப் வரை, சில கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். போன மாதம் ஒரு வாரத்தை 'டிபிக்ட்' என்ற ஒற்றை வினைச்சொல் தின்றுவிட்டது. பிள்ளைகள் கேட்டதையும், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்று கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் உச்சரிப்பும் கூடவே வந்துவிடும்.

டிபிக்ட் என்றால் என்ன சார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கண்ணுக்கோ மனக்கண்ணுக்கோ தெரியும்படி காட்டுவது. படத்தில் காட்டலாம், சிலையில் காட்டலாம், சொல்லாலும் காட்டலாம். தமிழில் 'சித்தரி'.

எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டு?

அழுத்தம் இரண்டாவது அசையில்: டி-பிக்ட். முதல் எழுத்து டாக்டரில் வரும் 'டி', கடைசி எழுத்து டீச்சரில் வரும் 'டீ'. அதற்கு முந்திய 'சி' ஊமை எழுத்தில்லை, 'க்' என்று ஒலிக்கும். நம் நாக்கு மெய்யில் நிற்கப் பிடிக்காமல் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டி 'டிபிக்டு' என்று சொல்லிவிடும். அதைக் கொஞ்சம் அடக்க வேண்டும். இறந்தகாலம் 'டிபிக்டெட்', மூன்று அசை. பெயர்ச்சொல் 'டிபிக்ஷன்'.

எழுத்துக்கூட்டு மறந்துபோகிறதென்றால் 'பிக்சர்' என்ற வார்த்தையை எழுதிப் பாருங்கள். அதன் முதல் நான்கு எழுத்துகள்தான் டிபிக்டின் கடைசி நான்கு எழுத்துகள்.

அப்படி ஒத்துப்போவது தற்செயலா?

இல்லை, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'பிங்கெரே' என்றால் வண்ணம் தீட்டுதல். பிக்சர், பெயின்ட், பிக்மென்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதன் முன்னால் 'டே' என்ற ஒட்டு சேர்ந்து பிறந்தது டிபிக்ட். 'டிஸ்க்ரைப்' வார்த்தைக்கும் அதே ஒட்டுதான், ஆனால் அங்கே வேர் 'ஸ்க்ரிபெரே', அதாவது எழுதுதல். ஒன்று தூரிகை பிடித்த கை, மற்றது எழுத்தாணி பிடித்த கை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. நம்முடைய 'சித்தரி'யும் சித்திரத்திலிருந்து வந்ததுதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் பிறந்த இரண்டு வார்த்தைகள், இரண்டும் ஓவியனின் கையில் பிறந்து, பிறகு கதை சொல்பவனின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே 'டிபிக்ட் = சித்தரி' என்று எழுதிக்கொள்வதில் தப்பில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கால் இடறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாக்கியத்தில் எப்படி வைப்பது?

யார் அல்லது எது காட்டுகிறது, அடுத்து டிபிக்ட், அடுத்து எதைக் காட்டுகிறது. அவ்வளவுதான். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள்ளே ஏறினால் சுவரெல்லாம் நாயக்கர் காலத்து ஓவியம். கப்பலில் குதிரைகள் வரும் காட்சி ஒன்று அதில் உண்டு. அதை இங்கிலீஷில் எழுதினால்: 'த மியூரல் டிபிக்ட்ஸ் எ ஷிப் கேரியிங் ஹார்சஸ்.'

நம் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் இதை 'டிபிக்ட்ஸ் அபவுட்' என்று எழுதுகிறார்கள். காரணம் தமிழ்தான். 'கப்பலைப் பற்றிச் சித்தரிக்கிறது' என்று ஒரு 'பற்றி' மனசுக்குள் ஓடுகிறது, அது 'அபவுட்' ஆகிவிடுகிறது. டிபிக்டுக்கு அது வேண்டாம். கோயில் தகவல் பலகை ஒன்றிலேயே இந்த 'அபவுட்'டைப் பெயின்டில் பார்த்திருக்கிறேன். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன்.

ஓவியம் வரைந்து நானூறு ஐந்நூறு வருஷம் ஆகிறது. இறந்தகாலத்தில்தானே எழுத வேண்டும்?

ஓவியர் வரைந்து முடித்துப் போய்விட்டார், ஆனால் சுவர் இன்னும் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் நிகழ்காலம்: 'டிபிக்ட்ஸ்'. ஓவியரை எழுவாயாக வைத்தால் இறந்தகாலம்: 'த பெயின்டர் டிபிக்டெட்'. தமிழிலும் 'இந்த ஓவியம் காட்டுகிறது' என்றுதானே சொல்கிறோம்.

அதற்காக 'இஸ் டிபிக்டிங்' என்று இழுக்க வேண்டாம். ஓவியர் இப்போது சாரத்தில் ஏறி நின்று வரைந்துகொண்டிருந்தால் அவரைச் சொல்லலாம். சுவரில் காய்ந்துபோன ஓவியத்துக்கு அது பொருந்தாது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'எ மியூரல் டிபிக்டிங் எ ஷிப்' என்று வந்தால் அது சரி, அங்கே 'இஸ்' இல்லை.

'ஆஸ்' சேர்த்து எழுதுகிறார்களே, அது எதற்கு?

நம் 'ஆக' உருபின் வேலைக்கு. 'வீரனாகச் சித்தரிக்கிறது' என்பதில் உள்ள 'ஆக'தான் 'ஆஸ்'. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்ட கும்பினியாருக்கு அவர் அடங்காத பாளையக்காரர், கலகக்காரர். நம் ஊர்க் கதைப்பாடலுக்கு அவர் வீரர். ஆள் ஒருவர்தான், 'டிபிக்டெட் ஆஸ் எ ரெபெல்' என்றும் எழுதலாம், 'டிபிக்டெட் ஆஸ் எ ஹீரோ' என்றும் எழுதலாம்.

'ஆஸ்' வந்துவிட்டால், காட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் நிற்கிற பக்கம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பேப்பரில் அந்த 'ஆஸ்' கண்ணில் பட்டால் யார் காட்டுகிறார்கள் என்று ஒரு தரம் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

நீங்கள் சொன்ன அந்த இடறும் இடம் எது?

பத்திரிகைத் தமிழ். 'பெண்ணின் படத்தை ஆபாசமாகச் சித்தரித்து வெளியிட்டவர் கைது' என்று செய்தி வருகிறது. அங்கே 'சித்தரித்து' என்றால் மார்ஃபிங் செய்து, பொய்யாக ஒட்டவைத்து என்று பொருள். 'விபத்து போலச் சித்தரித்தார்' என்றால் கொலையை மறைத்து நாடகமாடினார் என்று பொருள். இப்படியே படித்துப் படித்து 'சித்தரி' என்றாலே திருட்டு வேலை என்ற வாசனை ஏறிவிட்டது.

இங்கிலீஷ் டிபிக்டில் அந்த வாசனை இல்லை. அது நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும். ஆகவே மேலே சொன்ன செய்திகளை மொழிபெயர்க்கும்போது டிபிக்ட் போடக்கூடாது. முதலாவதற்கு 'மார்ஃப்டு', இரண்டாவதற்கு 'மேட் இட் லுக் லைக்'.

போர்ட்ரே என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்று. போர்ட்ரெய்ட்டுக்குச் சொந்தக்காரன், அதனால் ஆளுடைய முகம், குணம் இரண்டையும் காட்டும் இடத்தில் நன்றாக உட்காரும். நடிப்புக்கு இதுதான் வார்த்தை: 1959இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் கட்டபொம்மனை 'போர்ட்ரே' செய்தார். நடிகரை எழுவாயாக வைத்து 'டிபிக்ட்' எழுதினால் கொஞ்சம் நொண்டும்.

சரி, ரெப்ரசென்ட்? அதற்கும் அகராதியில் 'சித்தரி' என்று போட்டிருக்கிறதே?

எல்லாக் குழப்பமும் இங்கேதான். ஒரு பையன் அப்பாவுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. 'நான் அப்பாவின் சார்பில் வந்திருக்கிறேன்' என்று எழுத நினைத்து 'ஐ ஆம் டிபிக்டிங் மை ஃபாதர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வாங்கிப் படித்தவர், 'அப்பாவப் படம் வரையுதியோ? அப்பம் வெளிய பெஞ்சில இருந்து வரைடே' என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் பையன் இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை.

ரெப்ரசென்டின் அடிப்படை, இல்லாத ஒன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது. அதில் பல கிளை. வக்கீல் கட்சிக்காரருக்காக நிற்கிறார். வக்கீல் யாரும் எழுந்து நிற்காவிட்டால் கோர்ட்டில் 'நோ ரெப்ரசென்டேஷன்' என்று பதிவாகும். எம்.எல்.ஏ. தொகுதிக்காக நிற்கிறார், அதனால்தான் 1951ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் என்று பெயர். கம்பெனிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் காத்திருப்பவர் மெடிக்கல் ரெப். அந்த 'ரெப்' இந்த வார்த்தையின் தலைத்துண்டுதான். இவர்களில் யாரும் யாரையும் 'டிபிக்ட்' செய்வதில்லை.

கலெக்டர் ஆபீஸில் 'ரெப்ரசென்டேஷன் கொடுங்க' என்கிறார்கள். அது என்ன?

மனு. திங்கள்கிழமை காலையில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்கு வரிசையில் நிற்கிறீர்களே, உங்கள் கையில் இருக்கும் அந்தக் காகிதம்தான். அதிகாரியின் முன் நம் குறையைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், அதனால் அந்தப் பெயர். அரசாங்க இங்கிலீஷில் இது வேரூன்றிப்போன வழக்கு. அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவே தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அந்த உத்தரவை எதிர்த்து 'ரெப்ரசென்டேஷன்' கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கும் இந்த உரிமை உண்டு. அந்த மனுவை அரசு பரிசீலிக்கத் தாமதித்ததற்காகவே ஹைகோர்ட் காவல் உத்தரவை ரத்து செய்வதும் உண்டு. ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் எழுதும்போது மட்டும் 'பெட்டிஷன்' என்று எழுதுங்கள். 'ரெப்ரசென்டேஷன்' என்றால் அங்கே முதலில் வேறு அர்த்தம்தான் மனசுக்கு வரும்.

இதன் கெட்ட தம்பி 'மிஸ்ரெப்ரசென்டேஷன்'. இடம் வாங்கும்போது விற்பவர், 'கிணத்துல கோடையிலயும் தண்ணி கிடக்கும்' என்று தானும் நம்பித் தவறாகச் சொல்லி, அதை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டால் இந்த வார்த்தை வரும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 18ஆம் பிரிவில் இதை வரையறுக்கிறது. பொய் என்று தெரிந்தே ஏமாற்றினால் அது 17ஆம் பிரிவு, மோசடி.

சுடலைமாடன் பூடத்தை 'டிபிக்ட்' என்று எழுதலாமா?

கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு மாணவி கேட்டது. இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி இதுதான்.

நம் பக்கம் எத்தனையோ ஊர்களில் காவல் தெய்வமான சுடலைமாடனுக்குச் சிலை கிடையாது. மேலே போகப்போகக் குறுகும் ஒரு பூடம், அதாவது பீடம், வெள்ளையடித்து நிற்கும். கண் இல்லை, மீசை இல்லை, கையில் வல்லயம் இல்லை. ஆனாலும் அதன் முன்னால் நிற்கிற ஒருவருக்கும் அது யார் என்பதில் சந்தேகமில்லை. இங்கே டிபிக்ட் வராது, ஏனென்றால் உருவம் எதையும் அது காட்டவில்லை. 'ரெப்ரசென்ட்ஸ்' வரும், ஏனென்றால் அது அவருக்காக அங்கே நிற்கிறது.

அதே ஊரில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அடிக்கிற நோட்டீஸைப் பாருங்கள். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள். இப்போது டிபிக்ட் ஓடி வந்துவிடும். கொடையன்று ராத்திரி வில்லுப்பாட்டுக்காரர், மாடன் வேட்டைக்குப் போவதை வீசுகோலால் தட்டித் தட்டிப் பாடுகிறார். நமக்குச் சுடுகாடும் இருட்டும் கண்ணுக்குள் வருகின்றன. அதுவும் டிபிக்ட்தான், சொல்லால்.

அடுத்து சாமியாடுகிறவர். அவரை என்ன சொல்வது? மாணவி 'போர்ட்ரேஸ்' என்று எழுதியிருந்தாள். 'அப்படி எழுதினா எங்க தாத்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாவ சார்' என்று அவளே அடித்தும்விட்டாள். சரியாகத்தான் செய்தாள். ஊரார் பார்வையில் அங்கே நடிப்பு இல்லை, சாமி வந்து இறங்கியிருக்கிறது. இங்கிலீஷில் 'பொசெஸ்ட் பை த டீயிட்டி' என்று எழுதுவது வழக்கம். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் மற்றவற்றைவிடப் பரவாயில்லை.

அப்படியானால் குற்றாலம் சித்திர சபை?

இதற்கு ஒரு சாயங்காலம் போயிற்று. நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில்: நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. குற்றாலம் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம், ஆனால் நாக்கில் இன்னும் நெல்லைதான். மற்ற சபைகளில் நடராசர் விக்கிரகமாக இருக்க, இங்கே அவர் ஓவியமாக இருக்கிறார். சுற்றுச் சுவரிலும் புராணக் காட்சிகள்.

சுற்றுச் சுவரைப் பற்றி எழுத 'டிபிக்ட்' தாராளமாகப் போடலாம். நடுவிலிருக்கும் நடராசரைப் பற்றி எழுதும்போதுதான் பேனா நிற்கிறது. கலை வரலாற்றுப் புத்தகம் 'த மியூரல் டிபிக்ட்ஸ் நடராஜா' என்று எழுதும், இலக்கணப்படி அதில் குறையில்லை. ஆனால் மார்கழித் திருவாதிரையன்று தீபாராதனைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பாட்டியம்மாவிடம் என் மாணவன் ஒருவன் 'இந்தப் படம்...' என்று ஆரம்பித்திருக்கிறான். 'படம்னு சொல்லாதடே, சாமில்லா!' என்று அவள் வாயடைத்துவிட்டாள். அவளுக்கு அங்கே காட்டப்படுவது ஒன்று, காட்டுவது வேறொன்று என்ற பிளவே இல்லை. டிபிக்ட் என்ற வினை நிற்பதே அந்தப் பிளவில்தான். நான் எழுதினால் 'நடராஜா இஸ் வொர்ஷிப்ட் ஹியர் இன் த ஃபார்ம் ஆஃப் எ பெயின்டிங்' என்று எழுதுவேன். புத்தகத்துக்கும் பாட்டிக்கும் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும்.

மேப்பில் ஆறு இருக்கிறது. அது டிபிக்டா, ரெப்ரசென்டா?

நீலக்கோடு தாமிரபரணியை 'ரெப்ரசென்ட்' செய்கிறது. கோட்டில் தண்ணீர் இல்லை, படித்துறை இல்லை, ஆற்றுக்குப் பதிலாக ஒரு அடையாளம், அவ்வளவே. அளவுகோலுக்கும் அதே வார்த்தை: ஒரு சென்டிமீட்டர் பத்துக் கிலோமீட்டரை ரெப்ரசென்ட் செய்தால், பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, வளைவோடு சேர்த்து பதின்மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேப் முழுவதையும் சொல்லும்போது 'த மேப் டிபிக்ட்ஸ் த ரிவர் பேசின்' என்று எழுதலாம்.

வீட்டு ஆல்பத்துப் போட்டோவுக்கு?

'திஸ் ஃபோட்டோ டிபிக்ட்ஸ் மை கிராண்ட்மதர்' என்றால் உங்கள் ஆச்சியை மியூசியத்தில் வைத்த மாதிரி இருக்கும். 'திஸ் இஸ் மை கிராண்ட்மதர்' போதும். டிபிக்ட் பட்டுவேட்டி மாதிரி, கட்டுரைக்கும் தகவல் பலகைக்கும் கட்டிக்கொள்ளலாம். பேச்சில் 'ஷோ' இருக்கிறது.

'உன்னைக் கலெக்டராக நினைத்துப் பார்' என்பதற்கு?

'பிக்சர்' அல்லது 'இமேஜின்'. மனசுக்குள் மட்டும் பார்ப்பது டிபிக்ட் ஆகாது. வெளியே ஒரு படமோ எழுத்தோ இருக்க வேண்டும்.

கிருஷ்ணாபுரம் டூர் போய்விட்டு வந்து இரண்டு வரி எழுதினேன். திருத்தித் தாருங்கள்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபத் தூணில் குறவன் ஒருவன் இளவரசியைத் தூக்கிச் செல்லும் சிலை இருக்கிறது. அதே மண்டபத்தில் நாகாஸ்திரத்தோடு கர்ணனும் நிற்கிறான். பையன் எழுதியது இது:

'திஸ் ஸ்கல்ப்ச்சர் இஸ் டிபிக்டிங் அபவுட் எ குறவன் ஹூ கேரீஸ் எ பிரின்சஸ். கர்ணா வாஸ் ரெப்ரசென்டெட் பை எ ஸ்னேக் ஆரோ.'

முதல் வரியில் 'இஸ்', 'அபவுட்' இரண்டையும் எடுத்துவிட்டு 'டிபிக்ட்ஸ்' என்று போட்டால் வேலை முடிந்தது. இரண்டாம் வரியில்தான் விபத்து. அவன் எழுதியபடி படித்தால் அங்கே கர்ணனே இல்லை, அவனுக்குப் பதிலாக ஒரு நாக அம்பை மட்டும் தூணில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆகும். கர்ணன் மீசையும் ஆபரணமுமாக முழு ஆளாக நிற்கிறான். ஆகவே:

'திஸ் ஸ்கல்ப்ச்சர் டிபிக்ட்ஸ் எ குறவன் கேரியிங் எ பிரின்சஸ். கர்ணா இஸ் டிபிக்டெட் வித் த ஸ்னேக் ஆரோ இன் ஹிஸ் ஹேண்ட்.'

பத்துக்கு ஆறு போட்டேன். 'ஏழு போடுங்க சார், குறவன்னு தமிழ்லயே எழுதினேன்லா' என்றான். போட்டேன்.